கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

பெயர் வேண்டாம், பெருமாநல்லூர்: பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் லைனில் ஓவர்லாக் தைக்கும் அக்காவின் 16 வயது மகனைப் போதைப் பழக்கத்துக்காகக் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அக்காவிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லையே?

அதுவே பாதி உபகாரம். பேசத் தெரிந்தவர்களிடம்தான் அவர் மாட்டிக்கொண்டு முழிப்பார். பேச்சை விட்டுப் பாயைச் சுருட்டுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் போதைச் சிகிச்சைக்கும் பொருந்தும். அதன் 87-ஆவது பிரிவுப்படி, 18 வயது ஆகாத பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. பெற்றவரோ, அவர் நியமிக்கும் ஒருவரோ சேர்த்த நாள் முதல் அனுப்பும் நாள் வரை கூடவே இருக்க வேண்டும். பீஸ் ரேட்காரருக்கு மிஷின் ஓடாத நாள் கூலி இல்லாத நாள். ஆனால் ‘அவர் நியமிக்கும் ஒருவர்’ என்று ஒரு இடம் காலியாக இருக்கிறது பாருங்கள், அது உங்களுக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பஸ் ஏறுங்கள். ‘நாளைக்கு நான் இருக்கறனுங்க்கா, நீங்க ஊட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திட்டுத் தூங்குங்க’ என்றால் போதும். டாக்டரையும் பையனையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் வார்டு, பெண்கள் கூடாது என்றால் வீட்டுக்காரரை அனுப்புங்கள். அவரும் ஒருநாள் உபயோகப்படட்டும்.

அதே வாசகி: ‘பையனுக்கு என்ன?’ என்று கேட்கலாமா?

டெங்கு என்றால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் போவீர்கள்; ரத்தத்தட்டு எண்ணிக்கையெல்லாம் யாரும் நோண்டுவதில்லை. அதே ஆப்பிள், அதே ஹார்லிக்ஸ்.

ஒரு தாய்மாமன், அவிநாசி: வளர்த்த லட்சணம்தானே? பையன் இனி செகண்ட்ஸ் பீஸ்தான்.

காதர்பேட்டை செகண்ட்ஸைப் போட்டுக்கொண்டுதான் ஊரில் பாதிப்பேர் கௌரவமாகத் திரிகிறோம். மாமன் சீர் செய்ய வரும்போது இந்த வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு பாட்டி, பெருமாநல்லூர்: கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டால் தெளியும் என்கிறார்களே?

கும்பிடுங்கள் பாட்டி, கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். நம் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்தில் இறங்குகிறவர்கள்கூடக் காலைக் கட்டிக்கொண்டு இறங்குவதில்லையே!

ஒரு சூப்பர்வைசர், திருப்பூர்: அந்த அம்மா ஷிப்மெண்ட் நேரத்தில் அடிக்கடி லீவு கேட்கிறார்.

ஒன்றரை ஷிப்ட் போடாமல் ஒரு ஷிப்டோடு அனுப்புங்கள். ஏன் அனுப்புகிறீர்கள் என்பதை லைனுக்கு ஒலிபரப்ப வேண்டாம்.

அந்த அம்மாவே எழுதியது: பையன் அங்கே தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

14416 அடியுங்கள் தாயீ. டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள். பையனைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. உங்களைப் பற்றியே பேசலாம். அப்புறம், செக்கிங்கில் இருந்து ஒரு பெண் உங்களைத் தேடிப் பாயோடு வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.