ரைபிள் ரேஞ்ச் அண்ணன்

துப்பாக்கி வைத்திருப்பவர் துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். வாங்கப் போகிறவர்தான் பேசுவார். அதிலும் வாங்கவே முடியாத ஊரில் இருந்துகொண்டு வாங்கப் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்; தே தாரிக் ஆறி ஆடை படியும் வரை விடமாட்டார்.

பினாங்கில் இப்படிப்பட்ட அண்ணன்மார் பேட்டைக்கு ஒருவராவது உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். பல வருஷமாக ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைவார்: முதல் ரைபிளை வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கித் தானே செய்வதா?

நம் அண்ணன் குடியிருப்பது ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். ஒரு காலத்தில் அங்கே பட்டாளத்தார் சுட்டுப் பழகினார்கள். 1960களில் அந்தத் திடலில் ஒன்பது புளோக்குகள் எழுந்தன. ஆறு பதினேழு மாடி, மூன்று பதினெட்டு மாடி, மொத்தம் 3,699 வீடுகள். சுவரும் தளமும் பிரெஞ்சுக்காரர்களின் எஸ்தியோ முறைப்படி தனித்தனியாக வார்த்து, கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. மலேசியாவில் இப்படிக் கட்டிய முதல் சில கட்டடங்களில் இதுவும் ஒன்று. அண்ணனுக்கு இது போதும். "நம்ம வீடே பார்ட்ஸ் வாங்கிப் பொருத்துனதுதானே தம்பி? அறுபது வருஷமா நிக்குது. ஒரு துப்பாக்கி நிக்காதா?" என்பார். மழைக்காலத்தில் அந்தப் பொருத்துகளில் தண்ணீர் கசிவதை மட்டும் சொல்லமாட்டார்.

அவருடைய துப்பாக்கி ஞானம் முழுக்க அமெரிக்க இறக்குமதி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, விடியும் வரை கைப்பேசியில் வெள்ளைக்காரர்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியது. அந்த ஊரில் ஏ.ஆர். 15 என்று ஒரு ரகம். யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் 1950களில் வடிவமைத்தது. அதில் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்பது விசை அமர்ந்திருக்கும் கீழ்க்கூடு ஒன்றுதான்; வரிசை எண் அதில்தான் பொறித்திருக்கும். குழல், பின்கட்டை, கைப்பிடி, குறிக்கண்ணாடி எல்லாம் உதிரிப் பாகக் கணக்கு. தபாலில் வீடு தேடி வந்துவிடும். சமையலறை மேசையில் பரப்பிவைத்துப் பொருத்திக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் தழுதழுக்கும். பத்துமலை முருகனைப் பற்றிச் சொல்லும்போதுகூட அப்படித் தழுதழுத்ததில்லை.

வெறும் வாயால் சொன்னால் நமக்குப் புரியாது என்று அவருக்கே தெரியும். அதனால் நாங்கள் கூடும் தேக்கடை மேசையிலேயே ஒன்றைச் செய்து காட்டுவார். ரொட்டி சானாய்த் தட்டை ஓரமாகத் தள்ளுவார். தே கிளாஸ்தான் கீழ்க்கூடு. அதன்மேல் படுக்க வைத்த கரண்டி குழல். சாம்பார்க் கிண்ணம் தோட்டா அடைக்கும் மெகசின். சுருட்டிய தமிழ்ப் பத்திரிகை பின்கட்டை. பல்குத்தும் குச்சி ஒன்றை நடுவில் செருகி, "இதுதான் விசை. இதோட இழுப்பு எத்தனை பவுண்டுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவர்க் காலண்டரில் இருக்கும் லட்சுமியைக் குறி பார்ப்பார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பாய் வந்து, ஈரத் துணியால் ஒரே இழுப்பு. ரைபிள் முழுசாகக் கழன்று வாளிக்குள் போய்விடும்.

"இன்னொரு தே போடவா அண்ணே?"

"போடுங்க பாய். கொறஞ்ச சீனி."

வாங்குவதா, செய்வதா என்ற வழக்கில் வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே. திங்கட்கிழமை வாங்கும் கட்சி. வாங்கினால் கம்பெனி உத்தரவாதம் உண்டு. பெட்டியைப் பிரித்ததும் சுடலாம். பிறகு விற்றாலும் விலை போகும். கோளாறு வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பான். புதன்கிழமை செய்யும் கட்சி. செய்தால் ஒவ்வொரு திருகாணியும் நமக்குத் தெரியும். கைக்கு ஏற்ற கட்டை, கண்ணுக்கு ஏற்ற குறி. முதலில் மலிவாகத் தொடங்கி, அதையும் இதையும் மாற்றி மாற்றிக் கடைசியில் வாங்கியதைவிட இரண்டு மடங்கு செலவாகும் என்பதும் அவருக்குத் தெரியும். "அதான் அதுல இருக்கிற இன்பம்" என்பார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பார்.

இந்த விசாரணையில் ஒரு வருஷம் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டது. முதல் துப்பாக்கியை வாங்கு, அதில் பழகிவிட்டு இரண்டாவதைச் செய் என்று அனுபவசாலிகள் சொல்வதை அண்ணன் ஏற்றுக்கொண்டார். தீர்ப்பு வந்துவிட்டது, இனி நமக்கு விடுதலை என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். மறுநாளிலிருந்து அவர் இரண்டாவது துப்பாக்கியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே வந்தது என்று அவருடைய அக்கா சொல்வார். பையன்கள் எல்லாரும் கொய்யாக் கிளையை ஒடித்து, சைக்கிள் டியூபை வெட்டி லாஸ்திக் செய்து மாங்காய் அடித்துக்கொண்டிருந்த காலம். இவர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கனமாக, ஒரே கோணத்தில் பிரியும் கவட்டையைத் தேடி ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினாராம். கவட்டை கிடைப்பதற்குள் மாங்காய்ப் பருவம் முடிந்தது. அடுத்த வருஷம் மரத்தையே வெட்டிவிட்டார்கள்.

சரி, பதினாலாம் மாடியில் குடியிருப்பவருக்கு ரைபிள் எதற்கு? இந்தக் கேள்விக்கும் பதில் தயார். பாலிக் பூலாவில் மச்சானுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. அணிலும் குரங்கும் பழத்தை விட்டுவைப்பதில்லை. காட்டுப் பன்றி வேறு. தோட்டத்தைக் காப்பாற்ற ஒருவர் வேண்டாமா? தாத்தாவே அந்தக் காலத்தில் எஸ்டேட் துரையோடு வேட்டைக்குப் போனவர்தானே, அந்த ரத்தம் சும்மா இருக்குமா? குடும்பத்தில் மூத்தவர்கள் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி. துரை சுட்டார். தாத்தா போகும்போது துப்பாக்கியைச் சுமந்தார், வரும்போது துப்பாக்கியோடு பன்றியையும் சேர்த்துச் சுமந்தார்.

ஒருநாள் மேசையில் ஓய்வுபெற்ற சார்ஜன் ஐயா வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர். எதையும் ரிப்போர்ட் எழுதும் தொனியில்தான் பேசுவார்.

"தோட்டம் யாரு பேர்ல இருக்கு?"

"மச்சான் பேர்லதான் ஐயா."

"அப்போ மனுப் போட வேண்டியது மச்சான். போட்டாலும் கெடைக்கிறது செனாப்பாங் பாத்தாதான். நடுவுல மடக்கித் தோட்டா போடுற வேட்டைத் துப்பாக்கி. ரைபிளை மறந்துடு."

"சரி ஐயா, நானே செஞ்சுக்கிட்டா?"

சார்ஜன் ஐயா கிளாஸைக் கீழே வைத்தார். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் என்று தொடங்கினார். லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவர். காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். நிஜம் போலத் தோன்றும் போலித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம், இல்லை இரண்டும். 1971ஆம் ஆண்டு வந்த கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி, கள்ளத்தனமாக நிஜத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை. அதோடு ரோத்தான் அடி, ஆறுக்குக் குறையாமல்.

"வச்சிருந்தாலே இவ்வளவு. செய்யிறவனுக்கு இன்னும் மேல. நீ ரொட்டி சானாய்ல செய்யிற வரைக்கும் பரவாயில்ல."

மேசை அமைதியானது. அண்ணன் நாற்காலியில் ஒருமுறை நெளிந்து உட்கார்ந்தார். ஆறு என்ற எண்ணை அவருடைய உடம்பு தனியாகப் புரிந்துகொண்டது போலிருந்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் முகத்தில் வருத்தமே இல்லை. பார்க்கப்போனால் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. சட்டம் அவருக்கு எதிரியே இல்லை. அது அவருடைய கூட்டாளி. வாங்கவும் முடியாது, செய்யவும் முடியாது என்றால் எக்காலத்திலும் முடிவெடுக்க வேண்டியதில்லை. யோசித்துக்கொண்டே இருக்கலாம். அமெரிக்காவில் பிறந்திருந்தால், பாவம், இருபது வயதில் ஒன்றை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு, பேச ஒன்றுமில்லாமல் போயிருப்பார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இந்தத் தீவின் ராசியே அப்படித்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக் காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், அதைப் பொறுக்கும் ஆசையில் ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையிலேயே பீரங்கிக்குக் கிடைத்த வேலை காண்டிராக்டர் வேலை. கார்ன்வாலிஸ் கோட்டையில் வரிசையாகப் பீரங்கிகள் நிற்கின்றன. அந்தக் கோட்டை ஒரு சண்டையும் கண்டதில்லை. அங்கே பெரிய பீரங்கி ஸ்ரீ ரம்பை. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறிப் பினாங்கு வந்து, கொஞ்ச காலம் கடலுக்குள்ளும் கிடந்து எழுந்தது. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அதற்குப் பூ வைத்த காலமும் உண்டு. பத்து மாவுங் குன்றில் 1930களில் பிரிட்டிஷார் கோட்டை கட்டி, கடலைப் பார்த்துப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கெடா வழியாகத் தரையில் வந்தான். அவன் தீவில் கால் வைப்பதற்கு முன்பே வெள்ளைக்காரர்கள் படகேறிவிட்டார்கள். இப்படி, வைத்திருந்த துப்பாக்கியெல்லாம் சுடாத ஊரில், இல்லாத துப்பாக்கியைச் சுடாமல் இருக்கும் அண்ணன் மரபை மீறியவர் அல்ல.

வீட்டில் அண்ணி இந்த விவகாரத்தை வேறு பக்கத்திலிருந்து பார்ப்பவர். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. "அதை வாங்கி மாட்டுறீங்களா, செஞ்சு மாட்டுறீங்களா, அது உங்க இஷ்டம். மாட்டுங்க" என்று தீபாவளிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அண்ணன் பித்தளையா, ஸ்டீலா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயுத பூசையன்று ஸ்பேனர் செட், டிரில், இ.எக்ஸ்.5 மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். வருங்கால ரைபிளுக்காம். அண்ணி அந்த இடத்தில் குழாய்த் திருகியைக் கொண்டுவந்து வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

இதெல்லாம் இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்திருக்கும். சார்ஜன் ஐயா நல்ல மனசோடு ஒரு காரியம் செய்து கெடுத்துவிட்டார். துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பாரத்தை வாங்கி வந்து மேசையில் வைத்தார். முறைப்படி உறுப்பினரானால், சங்கத்தின் துப்பாக்கியிலேயே, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சட்டப்படி சுடலாம். வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

அண்ணன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பாரத்தைத் தொடாமலே படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், காலியாக இருந்தது. பேனா எழுதவில்லை என்றார். பாய் வேறு பேனா கொடுத்தார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். அது அவர் நெற்றியின் மேலேயே இருந்தது.

பாரத்தோடு வீட்டுக்குப் போனவர் ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. வீட்டில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். "லண்டன் ஒலிம்பிக்ல நம்ம நாட்டுப் பொண்ணு நூர் சூர்யானி எட்டு மாசக் கர்ப்பத்தோட நின்னு பத்து மீட்டர் ரைபிள் சுட்டுச்சு. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் ரெண்டு ஒலிம்பிக் பார்த்துடுச்சு. நீங்க என்னாங்க, ஒரு பாரத்துல பேர் எழுத இவ்வளவு நாளா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வாயைத் திறக்கவில்லையாம்.

எட்டாம் நாள் அண்ணன் கடைக்கு வந்தார். பழைய மினுமினுப்பு முழுசாகத் திரும்பியிருந்தது. உட்கார்ந்ததும் ரொட்டி சானாய்த் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"தம்பி, ஒரு விஷயம். ரைபிள் சுடுறவங்க கனமா, விறைப்பா ஒரு கோட்டுப் போட்டிருப்பாங்க, பாத்திருக்கியா? ஒடம்பு ஆடாம பிடிச்சுக்கிறதுக்கு. அது இல்லாம போய் நின்னா மரியாதை இல்ல. இப்போ கேள்வி என்னான்னா, அதை ரெடிமேடா வாங்குறதா, இல்ல லெபோ பாசார்ல நம்ம டெய்லர்கிட்ட கான்வாஸ் எடுத்துக் கொடுத்துத் தைக்கிறதா?"

சார்ஜன் ஐயா எழுந்து போய்விட்டார். பாய் கேட்காமலே இன்னொரு தே கொண்டுவந்து வைத்தார். அந்த வாரமே அண்ணி கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கி, தானே மாட்டிவிட்டார் என்றும், அண்ணன் அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ம்... அவசரப்பட்டுட்டே" என்றார் என்றும் கேள்வி.

உங்கள் கடையிலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பார். துப்பாக்கி என்றில்லை, கேமராவாக இருக்கலாம், படகாக இருக்கலாம், பாலிக் பூலாவில் கட்டப்போகும் வீடாக இருக்கலாம். தாராளமாகக் கேள்வி கேளுங்கள், மறுத்துப் பேசுங்கள், தே வாங்கிக் கொடுங்கள். கையில் பாரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.