சுளையிருக்கத் தோல் விழுங்கிகள்

1638-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தைக் கலைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மன்னர் தீர யோசித்து, தொப்பியைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தொப்பி செய்கிறவர்கள் பீவர் ரோமத்தைத் தவிர வேறெதையும் கலக்கக் கூடாதாம். தொப்பியின் தரம் காப்பாற்றப்பட்டது. அதை வைத்துக்கொள்ள வேண்டிய தலையை 1649-இல் வெட்டிவிட்டார்கள்.

பீவர் ஓர் அப்பாவிக் கொறிவிலங்கு. பல்லால் மரத்தை அறுக்கும், ஓடையை மறித்து அணை கட்டும், தேங்கிய நீருக்கு நடுவே வீடு போட்டுக்கொள்ளும். டெண்டர் கிடையாது, கமிஷன் கிடையாது. அதற்கு வந்த வினை அடிரோமம். அந்த ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அடித்துப் பதப்படுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அருமையான ஃபெல்ட் துணியாகிவிடும், மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பா தன்னிடமிருந்த பீவரில் பெரும்பகுதியைத் தொப்பியாக்கித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தேடி வட அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

அங்கே உசத்தியான சரக்கு எது தெரியுமா? பழங்குடி மக்கள் உடம்போடு போட்டுத் தேய்த்த பழைய பீவர் அங்கி. வியர்வையும் கொழுப்பும் ஊறி, மேலே இருக்கும் முரட்டு ரோமமெல்லாம் தானாக உதிர்ந்திருக்கும். பட்டறைக்காரனுக்குப் பாதி வேலை மிச்சம். பாரிஸ் பிரபு கண்ணாடி முன் நின்று அழகு பார்த்தது கனடாக் காட்டில் யாரோ குளிர்காலம் முழுக்கக் கழற்றாமல் போட்டிருந்த உடுப்பை. விற்றவர் மனதுக்குள் சிரித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

தேவாலயமும் சும்மா இருக்கவில்லை. தவக்காலத்தில் இறைச்சி ஆகாது. ஆனால் பீவர் தண்ணீரில்தானே இருக்கிறது, வாலில் செதில் வேறு தெரிகிறதே? க்யூபெக்கில் அது மீன் கணக்கில் சேர்ந்தது. நாலு கால் மீன்.

தலை வெட்டுப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அப்பாவைவிடத் தாராளம். 1670-இல் தன் ஒன்றுவிட்ட சகோதரர் இளவரசர் ரூபர்ட்டுக்கும் கூட்டாளிகளுக்கும் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் வடியும் ஆறுகளின் நிலம் மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தார். அது இன்றைய இந்தியாவைவிடப் பெரிய பரப்பு. மன்னர் அதைப் பார்த்ததில்லை. அங்கே குடியிருந்த கிரீ மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹட்சன் பே கம்பெனி இப்படித்தான் பிறந்தது. வாடகை: மன்னரோ வாரிசோ அந்த மண்ணில் கால் வைக்கும்போதெல்லாம் இரண்டு எல்க் மான், இரண்டு கரிய பீவர். வராத வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்? முதல் வாடகை வசூலானபோது 1927 ஆகிவிட்டது. 1970-இல் வின்னிபெக்கில் எலிசபெத் ராணிக்கு உயிருள்ள பீவர்களையே தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அவை ராணியின் கண்ணெதிரே, சபையில் செய்யக் கூடாத குடும்பக் காரியம் ஒன்றில் இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். அத்தோடு அந்த வாடகை வழக்கம் முடிந்தது.

ஆனால் இந்தக் கதையின் உண்மையான நாயகர் ஜார்ஜ் சிம்ப்சன். 1821-இல் கம்பெனியும் அதன் பரம எதிரியான நார்த் வெஸ்ட் கம்பெனியும் ஒன்றான பிறகு, கனடாக் காடுகளை ஆண்ட ஸ்காட்லாந்துக்காரர். பட்டப்பெயர் ‘குட்டிச் சக்கரவர்த்தி’. படகில் பயணம் போகும்போது கரையிலிருப்பவர்கள் மிரள வேண்டும் என்று பைப் வாத்தியக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனவர். பீவர் குறைந்துவருவதைக் கவனித்த சிம்ப்சன் சட்டம் போட்டார். கோடையில் பிடிக்காதே, எஃகுப் பொறி வைக்காதே, ஒவ்வொரு கிடங்குக்கும் இத்தனை தோல்தான். இன்றைய வனத்துறை அதிகாரி எழுந்து நின்று கைதட்டுவார்.

கொஞ்சம் பொறுங்கள். அதே மனிதர், அதே 1820-களில், மேற்கே ஸ்னேக் நதிப் பக்கம் போட்ட உத்தரவு நேர் எதிர். அந்த நிலம் பிரிட்டனுக்கா அமெரிக்காவுக்கா என்று முடிவாகாத காலம். அங்கே ஒரு பீவர்கூட மிஞ்சக் கூடாது. வழித்துத் துடைத்துவிட்டால் அமெரிக்க வேட்டைக்காரன் எதற்காக வருவான்? பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவர் தலைமையில் கூட்டங்கூட்டமாகப் போய், ஓடை ஓடையாகத் துடைத்தெடுத்தார்கள். நம்முடைய இடத்தில் பாதுகாப்பு, பக்கத்து இடத்தில் பாலைவனம்: ஒரே மேசையில் ஒரே பேனாவால் எழுதிய இரண்டு கொள்கைகள். அமெரிக்கர்கள் வந்தார்களா? வந்தார்கள். பீவருக்காக இல்லை, உழுது பயிரிட. 1846 ஒப்பந்தத்தில் அந்த நிலம் அமெரிக்காவுக்கே போனது. செத்த பீவர்களுக்குத் தகவல் சொல்ல ஆளில்லை.

கடைசியில் அந்த விலங்கைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு ஃபேஷனுக்கு. சீமான்கள் பட்டுத் தொப்பிக்கு மாறினார்கள், பீவர் மூச்சு விட்டது.

சிம்ப்சன் துடைத்தெடுக்கச் சொன்ன அதே ஸ்னேக் நதிப் பக்கம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 1948-இல் அரசாங்கம் பீவரை வானத்திலிருந்து போட்டது. ஊருக்குள் தொல்லை தந்தவற்றை மலைக்காட்டுக்கு மாற்ற வேண்டும்; கோவேறு கழுதை மேல் ஏற்றினால் அது மிரண்டது. உலகப்போரில் மிஞ்சிய பாராசூட்டுகள் இருந்தன. தரையில் மோதியதும் திறக்கும் மரப்பெட்டி செய்து, ஜெரோனிமோ என்ற கிழட்டு ஆண் பீவரைத் திரும்பத் திரும்ப விமானத்திலிருந்து போட்டுச் சோதித்தார்கள். போகப்போக அது அலுத்துப்போய்த் தானே பெட்டிக்குள் ஏறிக்கொண்டதாம். அதன் சேவையைப் பாராட்டி மூன்று பெண் பீவர்களோடு குடியேற்றினார்கள். மொத்தம் 76 இறங்கின. ஒன்று மட்டும் நடுவானில் பெட்டியைத் திறந்து வெளியே வந்து இறந்தது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1946-இல், அர்ஜென்டினா அரசுக்கு ரோமத் தொழிலில் ஆசை வந்தது. கனடாவிலிருந்து சுமார் 20 பீவர்களை வரவழைத்து, தென்கோடியில் உள்ள டியர்ரா டெல் ஃபுயேகோ தீவில் விட்டது. அங்கே ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. கனடாவில் பீவர் கடித்த மரம் மறுபடி துளிர்க்கும். இந்தத் தீவின் மரத்துக்கு அந்தப் பழக்கமில்லை, வெட்டினால் வெட்டியதுதான். தொழில் தேறவில்லை, பீவர் தேறியது. கால்வாயை நீந்திக் கடந்து சிலிக்குள்ளும் குடியேறியது. இப்போது அவை ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். 2008-இல் அர்ஜென்டினாவும் சிலியும் பீவரை அடியோடு ஒழிக்க ஒப்பந்தம் போட்டன. அதே பகுதியின் தீவுகளுக்காக 1978-இல் போர் விளிம்புவரை போன நாடுகள் இவை; அந்தச் சண்டையைத் தீர்க்கப் போப்பாண்டவரே இறங்கி வர வேண்டியிருந்தது. இந்தத் தடவை பீவரே போதுமாக இருந்தது.