குட்டைக்கு வழிவிட்ட வளாகம்

கேள்வி: கிராமப்புறத்தில் நிலம்தான் தாராளமாகக் கிடக்கிறதே, பல்கலைக்கழகத்தை விரிவாக்க இத்தனை திட்டம் எதற்கு? (கரூர் வாசகர்)

பதில்: நிலம் தாராளமாகத் தெரியும் இடத்தில்தான் தவறும் தாராளமாக நடக்கும். கலிஃபோர்னியாவில் மெர்செட் நகருக்கு வெளியே, மேய்ச்சல் புல்வெளிக்கு நடுவில் 2005-இல் ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள். அந்தப் புல்வெளி முழுக்க மழைக்குட்டைகள்.

கேள்வி: குட்டைதானே, தூர்த்துவிட்டால் போயிற்று?

பதில்: போகும், திரும்பி வராது. குளிர்கால மழையில் நிறைந்து கோடைக்குள் வற்றிவிடும் குட்டைகள் அவை. அடியில் இறுகிக் கிடக்கும் களிமண் தட்டு, நீரைக் கீழே இறங்கவிடாது. நீர் வற்ற வற்ற விளிம்பில் வட்டம் வட்டமாகப் பூக்கள் மலரும். ஃபேரி ஷ்ரிம்ப் என்னும் பொடி இறாலின் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மழை விழுந்ததும் பொரிக்கும். அதில் சில வகைகள் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள அரிய உயிர்கள். தோண்டித் தட்டை உடைத்துவிட்டால், எத்தனை மழை பெய்தும் அங்கே நீர் நிற்காது.

அதனால் முதல் கட்டடங்களைப் பழைய கோல்ஃப் மைதானத்தின் மேல் எழுப்பினார்கள். பக்கத்திலேயே 6,500 ஏக்கருக்கு மேல் புல்வெளியும் குட்டைகளும் இன்று காப்பு நிலம். மாணவர்களுக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எது?

கேள்வி: சட்டம் தடுக்காவிட்டால் இப்படிச் செய்திருப்பார்களா?

பதில்: சந்தேகம்தான். சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகவே.

கேள்வி: பிறகு எப்படித்தான் விரிவாக்கினார்கள்?

பதில்: நெருக்கமாகக் கட்டி. 2020-இல் முடிந்த விரிவாக்கத்துக்குச் செலவு சுமார் 130 கோடி டாலர். கட்டடப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது; விடுதியும் ஆய்வகமும் நடை தூரத்தில். கட்டிய தனியார் குழுவே பல பத்தாண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது. கூரை ஒழுகினால் கட்டியவரே பொறுப்பு என்றால் கலவை சரியாக இருக்கும்.

கேள்வி: ஊருக்கு என்ன லாபம்?

பதில்: வளாகம் ஊரை விட்டுத் தள்ளி இருப்பது மெர்செட்டின் குறைதான். 2018-இல் அலுவலகங்களுக்கென்று நகரின் நடுவே ஒரு கட்டடம் திறந்தார்கள். அலுவலர்கள் ஊருக்குள் புழங்கினால்தான் கடைத்தெருவுக்கும் வியாபாரம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரியும் விரிவடையப் போகிறது. நாங்கள் என்ன கேட்க வேண்டும்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: மழைக்காலத்தில் ஒருமுறையாவது இடத்தை வந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். கோடையில் அளந்தவர் கண்ணுக்கு ஓடை தெரியாது. வருவாய்த் துறையின் பழைய நில வரைபடத்தை வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். கிராம சபையில் பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.