ஒரு லிட்டர் பாழ்

பெங்களூருக்குக் குடிபோன முதல் வாரமே கன்னடத்தின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். நம் ‘ப’ அங்கே ‘ஹ’. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பாம்பு ஹாவு. பழங்கன்னடத்தில் அவையும் ‘ப’தான், போகப் போகக் காற்றாகிவிட்டது. ஆக, பாதி மொழி ஏற்கெனவே கைவசம். மளிகைக் கடையில் மிடுக்காக “அர்த கேஜி ஹருப்பு கொடி” என்றேன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துப் பொட்டுக்கடலையைக் கட்டிக் கொடுத்தார். அதற்கு அங்கே ஹுரிகடலை என்று பெயராம். பருப்புக்கு ‘பேளெ’. அன்று வீட்டில் சாம்பார் இல்லை, சட்னிதான்.

என் நாலு வயது மகளும் தமிழில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். “பாட்டி வாந்தாங்க” என்பாள். ‘வா’ என்றால் ‘வாந்தாங்க’தானே? நியாயம் அவள் பக்கம். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியை வரைந்து, “இது வக், இரண்டு இருந்தால்?” என்று குழந்தைகளைக் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் ‘வக்ஸ்’ என்றார்கள். அந்தச் சொல்லை அதற்குமுன் அவர்கள் காதால் கேட்டதில்லை. விதியைத் தாங்களே பிடித்து வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தானே செய்தேன்? ஆனால் ‘வாந்தாங்க’வுக்கு வீடே அள்ளி முத்தமிடுகிறது, ‘ஹருப்பு’க்கு என் கன்னத்தை ஒருவரும் கிள்ளவில்லை.

ஆறே மாதத்தில் அவள் மாடிவீட்டுப் பிள்ளைகளோடு கன்னடத்தில் சண்டை போட்டாள். பந்து தரமாட்டேன் என்றார்களே, அதுதான் பாடம். நானோ முப்பது நாள் புத்தகத்தில் பதினோராம் நாளைத் தாண்டவில்லை. மொழி தானாகப் படியும் காலம் பூப்புப் பருவத்தோடு முடிகிறது என்று எரிக் லென்னபெர்க் 1967-இல் எழுதினார். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புவதில்லை. நான் ஒப்புகிறேன், மனைவியிடம் அடிக்கடி சொல்லியும் காட்டுகிறேன்.

மானம் போனது பால்கடையில். பால் ‘ஹாலு’. கன்னடம் என்றால் நாக்கைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கவேண்டும் என்று எனக்கொரு நினைப்பு. தினமும் “ஒந்து லீட்டர் ஹாளு” என்று கேட்டுவந்தேன். ஒருநாள் மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, ஹாளுன்னா கெட்டுப்போனது!”

வழியெல்லாம் யோசித்தேன். பாழ், ஹாளு. என் விதிப்படி அட்சரம் பிசகவில்லை.

இப்போதெல்லாம் தெருமுனையில் என் தலை தெரிந்ததுமே பால்காரர் குரல் கொடுக்கிறார்: “ஹாளு பேகா, சார்?”