வட்டம் போட்டுச் சாப்பிடுகிறவர்

மொட்டைமாடியில் பரங்கிக்கொடி வைத்தவனுக்குக் கூடவே ஒரு பங்காளியும் உண்டு. விதை போடும்போது ஆளைக் காணோம். தண்ணீர் சுமக்கும்போதும் எட்டிப் பார்ப்பதில்லை. முளைத்து, தடித்த விதையிலை இரண்டும் விரிந்ததும் பாகப்பிரிவினைக்கு ஆஜராகிவிடுவார்.

பூசணி வண்டு என்பார்கள். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர். முதுகில் பளபளக்கும் செம்மஞ்சள் சட்டை. கவிழ்த்துப் பார்த்தால் வயிறு கறுப்பு. மேலே கல்யாணம், கீழே துக்கம். இலைவண்டுக் குடும்பத்தில் 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இது அதில் ஒன்று. ஆசியா, ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா என்று எங்கும் சொந்தபந்தம். 1849இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர். மூன்று கண்டத்தில் இலை போட்டிருக்க, என் தொட்டிக்கு என்ன குறைச்சல் என்று வந்தாரோ தெரியவில்லை.

திட்டுவதற்கு முன்னால் அவர் சாப்பிடும் அழகைச் சொல்லிவிட வேண்டும். இலையில் உட்கார்ந்ததும் அவசரப்பட்டு வாய் வைப்பதில்லை. உடம்பை மெல்லச் சுழற்றி, தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் அறுத்துக்கொள்கிறார். பிறகு அந்த வட்டத்துக்குள் மட்டும் தின்கிறார். என் தாத்தா வாழையிலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார், அதே நிதானம். தாத்தாவுக்கு அது சாஸ்திரம், இவருக்குத் தற்காப்பு. கடிபட்ட இடத்துக்குக் கொடி பிசுபிசுப்பான சாற்றையும் எதிர்ப்புச் சரக்கையும் அனுப்பும். வழியை முதலிலேயே வெட்டிவிட்டால் எதுவும் உள்ளே வராது. சாப்பாடு முடிந்தபின் இலையில் மிஞ்சுவது காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஓட்டை.

குடும்பமும் ஒத்துழைக்கிறது. அம்மாக்காரி வேரடி ஈரமண்ணில் முட்டையிடுவாள். பெரியவர்கள் மாடியில் இலை தின்ன, பிள்ளைகள் தரைத்தளத்தில் வேர் தின்னும். மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரு காய் கிடந்தால் அதையும் துளைக்கும்.

"அடுப்புச் சாம்பலை எடுத்து இலைமேல தூவுடா" என்றார் அம்மா. கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். பனி காய்வதற்குள் தூவினால்தான் ஒட்டும். கையால் பொறுக்குவதற்கும் அதுதான் நேரம். குளிரில் வண்டு மந்தமாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் கை நிழல் பட்டதுமே பறந்துவிடும். எனக்கும் வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பு வரும் என்பதால் நாங்கள் இருவரும் தெம்பாக இருக்கும் நேரத்தில்தான் தினமும் சந்தித்தோம்.

பரங்கி, வெள்ளரி, சுரை எல்லாவற்றிலும் வட்டம் விழுந்தது. பாகல் பக்கம் மட்டும் அவர் அவ்வளவாகத் திரும்புவதில்லை. பூசணிக் குடும்பத்துக்கே உரிய ஒரு கசப்புக்கு மயங்கி வருகிறவருக்குப் பாகலின் கசப்பு ஆகாதாம். நாக்கு அத்தனை நுணுக்கம். ஆகவே அந்த வருஷம் எங்கள் மாடியில் காய்த்துத் தொங்கியது பாகற்காய்தான். வறுவல், பிட்லை, புளிக்குழம்பு என்று எல்லாம் நடந்தது.

என் பையன் தட்டைத் தள்ளினான். "வண்டே வேண்டாம்னு விட்டதை எனக்கு எதுக்குப்பா வைக்கிறீங்க?"