பாரம் பார்க்கும் மாமா

மதுரையில் தெருவுக்கு ஒரு பாரம் பார்க்கும் மாமா உண்டு. லோடு ஏற்றுவது அவர் தொழில் அல்ல. மின்வாரியத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். ஆனால் சிம்மக்கல் பக்கம் ஒரு குட்டியானை பீரோவும் கட்டிலுமாக வந்து நின்றால், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "தம்பி, பின்பாரம் அடிக்குது. பீரோவைக் கேபின் பக்கம் தள்ளிக் கட்டு." டிரைவர் முறைப்பார். மாமா பதில் பேசாமல் பின் டயரைக் கைகாட்டுவார். டயர் எப்போதும் மாமா கட்சிதான்.

ஷேர் ஆட்டோவிலும் இதே கதை. "நீங்க கொஞ்சம் நடுவுல வாங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று ஒரு நாள் சம்பந்தியம்மாவிடமே சொல்லிவிட்டார். அன்றைக்குக் குடும்பத்தில் ஏற்பட்ட சாய்மானத்தை நிமிர்த்தத்தான் ஆறு மாதம் ஆனது.

இந்தப் படிப்பு அவருக்குத் தாத்தாவின் மாட்டுவண்டியில் வந்தது. முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். வைக்கோலோ நெல்லோ, அச்சுக்கு மேலே பாரம் நிரவி உட்கார வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை வாகனங்களும் இதற்குள் அடக்கம் என்பது மாமாவின் சித்தாந்தம். எனக்குத் தெரிந்து அதை யாரும் உடைத்ததில்லை.

தண்ணீரில் மிதப்பவையும் இதில் சேர்த்தி. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. அங்கே தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பார்கள். அவ்வளவு பெரிய பிள்ளையாரை எந்த வண்டியில், எப்படி ஏற்றி மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்பது மாமாவுக்கு இன்றும் தீராத விசாரம். தைத் தெப்பத்தன்று ஊரே சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மாமா மட்டும் தெப்பத்தின் நான்கு மூலையிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். குளம் வறண்டு தெப்பம் தரையிலேயே நின்ற வருடங்களில்தான் அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றடித்து எல்லாம் கரைக்கே வந்து சேர்ந்தன. நாடே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "அடிப்பாரம் இல்லாம எதை விட்டாலும் கரை ஒதுங்கத்தாண்டா செய்யும்" என்றதோடு சரி.

இப்படிப்பட்டவரை ஒரு நாள் டாலஸிலிருந்து அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். பழைய வாட்டர் ஸ்கியிங் படகு ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் வேக் சர்ஃபிங் செய்ய வேண்டுமாம். படகின் பின்னால் எழும் அலையில் பலகை போட்டு நின்று, கயிற்றையும் விட்டுவிட்டு, அலையின் தள்ளலிலேயே போவது அந்த விளையாட்டு.

"அலை வரமாட்டேங்குது மாமா."

வராதுதான். ஸ்கியிங் படகு அலை எழும்பாமல் இருப்பதற்கென்றே வடிவமைத்தது. மணிக்கு 58 கிலோமீட்டர் வரை வேகத்தில் இழுபடும் வீரனுக்குப் பின்னால் தண்ணீர் தட்டையாக இருந்தாக வேண்டும். வேக் சர்ஃபிங்குக்கு வேகம் 16, 18 போதும். ஆனால் படகின் பின்புறம் அமுங்கித் தண்ணீரைக் குழிக்க வேண்டும். அதற்கு எடை வேண்டும், அதுவும் சர்ஃபிங் செய்யும் பக்கத்துப் பின்மூலையில். படகு ஒருச்சாய்ந்து போனால்தான் அந்தப் பக்கத்து அலை சுத்தமாக எழும்.

"வேணும்னே சாய்க்கிறதா?" என்றார் மாமா. அறுபத்தெட்டு வயதில் கேட்கக்கூடாததைக் கேட்டவர் முகம்.

இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"பாரத்துக்கு என்னடா வைக்கிற?"

"பை மாமா. பம்பு போட்டு ஏரித் தண்ணியவே ரொப்பிக்கலாம். 500 லிட்டர்."

"அப்ப 500 கிலோ. ஏழு ஆளு உக்காந்த மாதிரி. சோறு போட வேணாம், நல்லதுதான். எஞ்சின் எங்கிட்டு இருக்கு?"

"நட்ட நடுவுல."

"அப்ப பை அதுக்குப் பக்கவாட்டுல, பின்னால தள்ளி வையி. மொத்தத்தையும் பின்னாலயே ஏத்துனா மூக்கு வானத்தைப் பாக்கும். முன்னாடியும் கொஞ்சம் போடு."

போட்டான். குட்டையாக இருந்த அலை நீண்டதாம். எஞ்சினியரிங் படித்தவன் அதன் பிறகு மாமாவைக் கேட்காமல் ஒரு வாளித் தண்ணீர்கூட ஏற்றுவதில்லை. ஈயக்கட்டி வைத்தால் இடம் மிச்சமாகுமே என்றவனை மாமா பிடித்துக்கொண்டார். "தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடை கிடையாது மாப்ளே. படகுக்குள்ள தண்ணி ஏறுனாலும் பை இழுக்காது. ஈயம் அடிக்கு இழுத்துட்டுப் போயிரும்." இத்தனை பேர், இத்தனை கிலோ என்று படகில் தகடு அடித்திருப்பானே, அதைத் தாண்டாதே என்றும் சொன்னார். ஷேர் ஆட்டோவில் எழுதியிருக்கும் எண்ணிக்கையை வாழ்நாளில் மதிக்காதவர்!

புரொப்பெல்லர் படகுக்கு அடியில் உள்ளே தள்ளி இருக்கிறதா என்று விசாரித்தார். பழைய ஸ்கியிங் படகுகளில் அப்படித்தான் இருக்கும், பின்னால் நிற்பவனின் காலுக்கு எட்டாது. வால்பக்கம் மோட்டார் தொங்கும் படகில் இந்த விளையாட்டே கூடாது. பின்பலகையில் யாரையும் சும்மா உட்காரவும் விடக்கூடாது, எஞ்சின் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளை மயக்கும் என்று அவனும் தன் பங்குக்குப் படித்துச் சொன்னான். மாமா தலையாட்டிக்கொண்டார்.

மதுரையில் இதைச் செய்து பார்க்க வழியில்லை. 71 அடி வைகை அணை நிரம்பினாலும் அது குடிக்கவும் பாசனத்துக்கும்தான். அந்தக் குறையை மருமகன் புரிந்துகொண்டான் போலிருக்கிறது.

"நீங்க கிளம்பி வாங்க மாமா. பின்மூலையில உக்காந்தா போதும்."

மாமாவின் எடை 94 கிலோ. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.