குடியை விட ஐந்து கேள்விகள்

கே: கணவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்தால் குடியை விட்டுவிடுவார் என்கிறார்களே? (வாசகி, மன்னார்குடி)

ப: குழம்பை விட்டுவிடுங்கள்! டைசல்பிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே போனபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் டாக்டர் நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கிக் கொடுக்கிறார். தபாலில் வரும் பொடியில் என்ன இருக்கிறதென்பது விற்பவருக்கே வெளிச்சம்.

கே: மனசு வைத்தால் இன்றைக்கே நிறுத்திவிடலாமே? (வாசகர், நாமக்கல்)

ப: உடம்பும் மனசு வைக்கணுமே. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பும் வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தால், மந்திரிப்பவரைத் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கே: கோயிலில் கயிறு கட்டினால் போதாதா? (வாசகி, தேனி)

ப: தாராளமாகக் கட்டுங்கள். மருந்தும் சாப்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கே: ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? (வாசகர், கோவை)

ப: பேச்சு, பேச்சு, நடுவே டீ. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஆரம்பித்த கதை இது. குடியை விட்டிருந்த பில் வில்சன், வியாபாரம் கைநழுவி, ஓட்டலில் தனியாக நிற்கிறார். எதிரே பார். உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று போன் போட்டுத் தேடுகிறார். அகப்பட்டவர், அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் பாப் ஸ்மித். ஆபரேஷனில் கை நடுங்காமலிருக்க டாக்டர் குடித்த பீர்தான் அவருடைய கடைசிக் குடி. அந்த ஜூன் 10தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் யாரும் கேட்கமாட்டார்கள். “நான் ஒரு குடிநோயாளி” என்று எழுந்து சொல்பவரை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. ஊரிலேயே அப்படிப்பட்ட இடம் வேறெங்கே இருக்கிறது? அடி வாங்கி, கடன் அடைத்து, மானம் காத்த வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக்கூட்டமே உண்டு. குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கே: மகன் போதை மாத்திரைக்கு அடிமை. சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்குமா? (பெயர் வேண்டாம்)

ப: பயம் வேண்டாம். தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பாதியில் ஓடிவந்தால் சலுகையும் போய்விடலாம். தேசிய உதவி எண் 14446. கட்டணமில்லை, இன்றைக்கே பேசுங்கள்.